மேல் பதவி, குறையும் வருமானம்: விண்ணப்பிப்பதா, வேண்டாமா?

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்கால் மணி. அல்ஜுனிட் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் தே குடித்துக்கொண்டிருந்தேன். நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. பழுதுபார்ப்புப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் தேவை. வெளியிலிருந்து ஆள் எடுப்பதற்கு முன்பு உள்ளே இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். இரண்டு வார அவகாசம்.

எதிரே உட்கார்ந்திருந்த மலாய் நண்பர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ‘அபாங்’ என்றுதான் அவரை அழைப்பேன். கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, “இது உனக்குத்தான்,” என்றார். சிரித்து மழுப்பினேன். ஆனால் அன்று முழுவதும் மனம் வேலையில் ஒட்டவில்லை.

எனக்கு 36 வயது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து, தேசிய சேவை முடித்து, 12 ஆண்டுகளாக ஒரு குளிர்சாதனப் பராமரிப்பு நிறுவனத்தில் தொழில்நுட்பராக இருக்கிறேன். பதவி உயர்வு கிடைத்தால் யாராவது யோசிப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒன்பது நாள் யோசித்தேன். அந்த ஒன்பது நாளில் தெரிந்துகொண்டது, இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

கேலாங் சாலையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண் லோரோங்குகள், மறுபக்கம் இரட்டைப்படை. இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள். பல கடைகள் நள்ளிரவைத் தாண்டியும் திறந்திருக்கும். வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும்போது மேசைமேல் ஏணி வைத்துக் குளிர்சாதனப் பெட்டியைக் கழற்ற முடியாது. அதனால் எங்கள் வேலையில் பாதி, கடை மூடிய பிறகுதான். ‘ஓடி’ என்று நாங்கள் சொல்லும் மிகைநேர ஊதியம் எங்கள் வருமானத்தில் பெரிய பங்கு.

என் அடிப்படைச் சம்பளம் 2,900 வெள்ளி. வேலை நியமனச் சட்டப்படி, மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, அதை 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்ற கணக்கில் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம் கிடைக்கும். எனக்கு அது 15 வெள்ளி 21 காசு. மிகைநேரத்துக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு தரவேண்டும். அப்படியானால் 22 வெள்ளி 81 காசு. சட்டம் மாதத்துக்கு 72 மணி நேரம் வரை மிகைநேர வேலையை அனுமதிக்கிறது. நான் சராசரியாக 50 மணி நேரம் செய்கிறேன். அதில் வருவது ஏறக்குறைய 1,140 வெள்ளி. மொத்தம் 4,040.

புதிய பதவிக்குச் சொல்லப்பட்ட சம்பளம் 3,800 வெள்ளி. ஓடி கிடையாது. மாதம் 240 வெள்ளி குறைவு. மத்திய சேமநிதிக்கு என் பங்கான 20 விழுக்காட்டைக் கழித்தால் கையில் வருவதில் 192 வெள்ளி துண்டு விழும்.

அன்றிரவு இதை மனைவியிடம் காட்டினேன். அவர் பாலர் பள்ளி ஆசிரியை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வேறு ஒரு கணக்கைப் போட்டார்.

“அந்த அம்பது மணி நேரத்தை எங்கங்க காணோம்?” என்றார்.

உண்மைதான். இப்போது மாதம் 240 மணி நேரத்துக்குமேல் உழைத்து 4,040 வெள்ளி வாங்குகிறேன். மணிக்கு 16 வெள்ளி 80 காசுகூட வராது. ஓடி இல்லாத மாதம் 190 மணி நேரம் சொச்சம். அதற்கு 3,800 வெள்ளி என்றால் மணிக்கு ஏறக்குறைய 20 வெள்ளி. ஆனால் மேற்பார்வையாளர் ஐந்தரை மணிக்குக் கைப்பேசியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார் என்று யார் சொன்னது? சம்பளம் இல்லாமல் மாதத்துக்கு 35 மணி நேரத்துக்குமேல் கூடுதலாக உழைக்க வேண்டி வந்தால், என் ஒரு மணி நேரத்தின் மதிப்பு இப்போது இருப்பதைவிடக் குறைந்துவிடும். அந்த 35ஐ ஒரு வட்டம் போட்டு வைத்தோம்.

மனைவி இன்னும் இரண்டைச் சேர்த்தார். 13வது மாதச் சம்பளம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் எங்கள் நிறுவனத்தில் தரப்படுகிறது. அதில் ஆண்டுக்கு 900 வெள்ளி கூடும். அடுத்து, வீட்டுக் கடன். மாதத்துக்கு மாதம் மாறும் வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டே வங்கிகள் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. அதாவது என் ஓடி முழுப் பணமாக வங்கியின் கண்ணுக்குத் தெரியாது.

மகள் அப்போது தூங்கிவிட்டிருந்தாள். அவளுடைய ‘சொல்வதெழுதுதல்’ நோட்டு மேசையில் கிடந்தது. ஒவ்வொரு வாரமும் கையெழுத்துப் போட்டிருப்பது அம்மா. ஓர் இடத்தில்கூட என் கையெழுத்து இல்லை. மனைவி அதைச் சுட்டிக்காட்டவில்லை. நானே பார்த்தேன்.

பதவியின் பெயரா, செய்யும் வேலையா?

ஓடி ஏன் நிற்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதிதான் வேலை நேரம், ஓய்வு நாள், மிகைநேர ஊதியம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. மாதம் 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் பெறும் கைவேலை ஊழியர்களுக்கும், 2,600 வெள்ளி வரை பெறும் மற்ற ஊழியர்களுக்கும் அது பொருந்தும். நிர்வாகிகளுக்கும் மேலாளர்களுக்கும் அந்தப் பகுதி பொருந்தாது. 2019 ஏப்ரல் முதல் எவ்வளவு சம்பளம் வாங்கும் நிர்வாகியும் சட்டத்தின் மற்ற முக்கியப் பாதுகாப்புகளைப் பெறுகிறார். மிகைநேர ஊதியம் அதில் சேராது.

ஆனால் கடிதத்தில் எந்தப் பதவிப் பெயரை அச்சிடுகிறார்கள் என்பது மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. என்ன வேலை செய்கிறோம் என்பதே முக்கியம். வேலை நேரத்தில் பாதியோ அதற்கு மேலோ கைவேலையில் கழிப்பவர், கூடவே மற்றவர்களை மேற்பார்வையிட்டாலும், சட்டத்தின் பார்வையில் கைவேலை ஊழியர்தான். இந்த ஒரு வரி பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

கணக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தது

ஐந்தாம் நாள் வரை, கேட்டவர்களிடமெல்லாம் 240 வெள்ளிக் கணக்கையே சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பணத்தைக் காரணம் காட்டினால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

உண்மையான காரணம் வேறு. அபாங்தான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். எந்தக் குழாயில் வாயு கசிகிறது என்பதைக் காது வைத்தே சொல்வார். நான் மேற்பார்வையாளரானால் ஆண்டு முடிவில் அவருக்கு மதிப்பெண் போட வேண்டியவன் நான். தஞ்சாவூரிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்திருக்கும் தம்பிகளோடு ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டவன், நாளைக்கு அவர்களிடம் “ஏன் தாமதம்?” என்று கேட்க வேண்டும். கட்டட நிர்வாகிகள் முன்னால் நின்று செலவுக் கணக்கை விளக்க வேண்டும். ஸ்பேனரைப் பிடித்தால் நடுங்காத கை, அதை நினைத்தால் வியர்த்தது.

நல்ல வேலைக்காரர் நல்ல மேலாளராக இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று 1969லேயே லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் ஒரு புத்தகம் எழுதினார்கள். திறமையைக் காட்டக் காட்ட ஒருவரை உயர்த்திக்கொண்டே போவார்கள். திறமை இல்லாத ஒரு படியில் அவர் நின்றுவிடுவார் என்பது அதன் சாரம். பாதி கிண்டலாக எழுதப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2019ல், ஆலன் பென்சன், டேனியல் லி, கெல்லி ஷூ என்ற மூன்று ஆய்வாளர்கள் 131 நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களை ஆராய்ந்தார்கள். அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைத்தது. ஆனால் அவர்கள் மேலாளரான பிறகு அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை அந்த அளவுக்குச் சிறக்கவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. தனியாக ஓடாமல் மற்றவர்களோடு சேர்ந்து விற்றுப் பழகியவர்கள் மேலாளர்களாக நன்றாகச் செய்தார்கள்.

இதைப் படித்தபோது கேள்வியை மாற்றிக் கேட்கத் தோன்றியது. ‘நான் நல்ல தொழில்நுட்பரா?’ என்பதல்ல கேள்வி. புதிதாக வரும் தம்பிகள் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறார்கள்? வாடிக்கையாளர் கத்தினால் யாரைப் பேச அனுப்புகிறார்கள்? கடந்த மூன்று ஆண்டுகளில் ஐந்து பேருக்கு நான் வேலை பழக்கியிருக்கிறேன். அதை நான் வேலையாகவே நினைத்ததில்லை.

இரண்டு ‘வேண்டாம்’

ஆறாம் நாள் அபாங்கிடம் நேராகவே கேட்டேன். “நீங்க ஏன் போடலை?”

அவர் யோசிக்கவே இல்லை. மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், இன்னும் இரண்டு ஆண்டு ஓடி வேண்டும். தாள் வேலை எனக்குப் பிடிக்காது. கருவியோடு இருப்பதுதான் எனக்குச் சந்தோஷம். மூன்றே வரி. பிறகு, “நீ எனக்கு மார்க் போடுறதைப் பத்திக் கவலைப்படாதே. வெளியாள் வந்து போடுறதுக்கு நீ போடலாம்,” என்றார்.

அன்று மாலை அப்பாவோடு கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2ல் இருக்கும் ஸ்ரீ சிவன் கோயிலுக்குப் போனேன். அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திரும்பி வரும் வழியில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தோம். விஷயத்தைச் சொன்னேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்கும் ஒரு தடவ வந்துச்சுடா,” என்றார்.

1986. அவரை ஃபோர்மனாகப் போடுவதாகச் சொன்னார்களாம். அவர் வேண்டாம் என்றுவிட்டார். இது எனக்குத் தெரிந்த கதைதான். கூட்டாளிகளை விட்டுப் போக மனமில்லாமல் மறுத்தார் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவார். அன்றுதான் மீதிக் கதையைக் கேட்டேன்.

“கூட்டாளியாவது ஒண்ணாவது. தெனம் இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதணும்னாங்க. எனக்கு எழுத வராது. அத யாருகிட்ட சொல்றது?”

அடிப்படைக் கல்வி குறைந்த ஊழியர்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்றுக்கொடுக்க 1983ல் ‘பெஸ்ட்’ என்ற திட்டம் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டிருந்தது. பதவியை மறுத்த மறு ஆண்டு அப்பா அந்த வகுப்பில் சேர்ந்தார். வேலை முடிந்து இரவில் போய்ப் படித்தார். எழுதவும் பழகிவிட்டார். ஆனால் அந்த ஃபோர்மன் பதவி மறுபடி வரவில்லை.

“கேட்டிருந்தா ஆறு மாசம் டைம் குடுத்திருப்பாங்களோ என்னவோ. நான் கேக்கவே இல்ல,” என்றார். அவ்வளவுதான். எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எழுந்து மின்தூக்கியை நோக்கி நடந்தார்.

அபாங்கும் வேண்டாம் என்றார், அப்பாவும் வேண்டாம் என்றார். அபாங் அந்தப் பதவியை முழுதாகப் பார்த்துவிட்டு, தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து சொன்னார். அதில் குறையே இல்லை. மேலே போகாதவர் தோற்றவர் இல்லை. அப்பா, தெரியாத ஒன்றை யாரிடமும் கேட்காமல் சொன்னார். நான் சொல்ல நினைத்த ‘வேண்டாம்’ அப்பாவுடையது. என்னிடம் மறைத்துக்கொள்ள 240 வெள்ளி இருந்தது, அவரிடம் கூட்டாளிகள் இருந்தார்கள்.

ஐந்து கேள்விகள்

விண்ணப்பித்தால் ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. விண்ணப்பம் என்பது ‘இந்த வேலையைப் பற்றி என்னிடம் பேசுங்கள்’ என்று சொல்வது. ஏற்பதா வேண்டாமா என்பது அதன் பிறகு வரும் வேறு முடிவு. விண்ணப்பிக்காதவர் கேள்வி கேட்க இடமே இல்லை.

ஒன்பதாம் நாள் இரவு விண்ணப்பத்தை அனுப்பினேன். நேர்காணலுக்கு ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டேன்:

ஒன்று, இந்தப் பதவியில் முன்பு இருந்தவர் ஏன் போனார்?

இரண்டு, ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் கருவியோடு, எத்தனை மணி நேரம் மேசையில்?

மூன்று, இரவு அழைப்புகளை யார் எடுப்பது? ஒருவரேயா, முறை வைத்தா?

நான்கு, எனக்குத் தெரியாத செலவுக் கணக்கையும் அறிக்கை எழுதுவதையும் பழக எவ்வளவு காலம் தருவீர்கள்?

ஐந்து, ஆறு மாதத்தில் சரிவரவில்லை என்றால் பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா?

முதல் கேள்விக்கான பதிலை நேர்காணலுக்கு முன்பே தேடிக்கொண்டேன். முந்தைய மேற்பார்வையாளர் இப்போது வேறிடத்தில் இருக்கிறார். பாய லேபாரில் சந்தித்து ஒரு மணி நேரம் பேசினோம். “வேலை கஷ்டமில்லை, ராத்திரி போன்தான் என்னை விரட்டிச்சு. நான் அதைச் சொல்லவும் இல்லை,” என்றார். மூன்றாவது கேள்வியை அவருக்குப் பிறகுதான் சேர்த்தேன்.

வீட்டில் பெரியவர்களையோ பிள்ளைகளையோ கவனிக்க வேண்டியவர்கள், ‘நமக்கு எங்கே தரப்போகிறார்கள்’ என்று தாங்களே பெயரை அடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், பராமரிப்புப் பொறுப்பு, வயது, பாலினம், இனம் போன்ற காரணங்களால் பதவி உயர்விலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 25க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் தொடக்கத்தில் விலக்கு. 2024 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கும் முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறைப்படி கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. கேட்பது தவறில்லை என்பதற்கு இவை போதும்.

பதில்கள்

நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கு முதலாளி யோசிக்காமல் பதில் சொன்னார். ஆள் பற்றாக்குறை, முதல் ஆறு மாதம் வாரத்தில் மூன்று நாளாவது நீ வேலையிடத்தில் கருவியோடு இருக்க வேண்டியிருக்கும் என்றார். “அப்படியானால் அந்த ஆறு மாதம் நான் இன்னும் கைவேலை ஊழியர்தானே? சம்பளமும் 4,500க்குக் கீழேதானே?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. மனிதவளப் பிரிவுப் பெண்மணி எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். சரிபார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. பதவி எனக்கு. முதல் ஆறு மாதம் மிகைநேர ஊதியம் தொடரும். அதன் பிறகு வேலைப் பங்கீட்டைப் பார்த்து மறுபடி பேசலாம். இரவு அழைப்புகள் மூவருக்கு வாரமுறை. பழைய வேலைக்குத் திரும்புவது பற்றி மட்டும் ‘அப்போது பார்க்கலாம்’ என்று இருந்தது. வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவது 2016 ஏப்ரல் முதல் சட்டப்படி கட்டாயம். அதனால் புதிய நிபந்தனைகளையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேற்பார்வைப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு, 25 வயதானவர்களுக்குக் கிடைக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் 500 வெள்ளியைப் பயன்படுத்தினேன். எத்தனையோ ஆண்டுகளாகத் தொடாமல் கிடந்த பணம்.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. சரியான முடிவா என்று கேட்டால் இன்னும் சொல்ல முடியவில்லை. முதல் வாரம் ஒரு தம்பியைக் கண்டித்துவிட்டு, மதியம் சாப்பிடவே பிடிக்கவில்லை. ஒரு செலவுக் கணக்கில் உதிரிபாகத்தின் விலையை விட்டுவிட்டேன், அபாங்தான் கண்டுபிடித்தார். கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் சிறு நோட்டில் குறித்து வருகிறேன். சென்ற மாதம் 28. ஆறு மாதம் முடிந்து பேச உட்காரும்போது அந்த நோட்டு என் கையில் இருக்கும். நாங்கள் வட்டம் போட்ட 35உம் நினைவிருக்கும்.

போன வாரம் ஒரு மாலை வீட்டில் உட்கார்ந்து அன்றைய வேலை அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

“இத தெனமும் எழுதணுமா?”

“ஆமாப்பா.”

தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்தார். ஆங்கிலம்தான். ஒரு பக்கம் படிக்க ஐந்து நிமிடம் ஆனது. திருப்பிக் கொடுக்கும்போது, “மேல தேதி போடலியே,” என்றார்.

பார்த்தேன். போடவில்லைதான்.